நிலப்படத்தில் நிறச்செறிவும் ஒளிபுகு அடுக்கும்

நிலப்படத்தில் செறிந்த நிறம் மிகுதியையும் வெளிறிய நிறம் குறைவையும் உணர்த்தும் என்பர். அஃது இயல்பன்று, வரைவோர் வகுத்துக்கொண்ட மரபே என்பதை அதன் வரலாறு கொண்டு ஈண்டு நிறுவுவாம்.

1826இல் பிரெஞ்சு அறிஞர் சார்லசு டூப்பேன் தம் நாட்டின் தொடக்கக் கல்வி நிலையை மாவட்டவாரியாகப் படமாக்கினார். பள்ளி செல்லும் சிறுவர் குறைந்த மாவட்டத்திற்குக் கருமையும், மிக்கதற்கு வெண்மையும் தந்தார். அங்குக் கருமை குறித்தது மிகுதியையன்று, இன்மையை. அறியாமையை இருளென்னும் வழக்கே நிறத்தேர்வாயிற்று. சென் மாலோ முதல் செனீவா வரை கோடிட்டால் வடக்கு ஒளியாகவும் தெற்கு இருளாகவும் தோன்றிய அப்படம், பிரான்சு இருகூறுபட்ட நாடென்னும் சொற்போரைப் பெருக்கிற்று.

1969இல் வெளிவந்த தம் நூலில் இயான் மெக்ஆர்க்கு மற்றொரு முறையை விளக்கினார். நியூயார்க்கின் இசுடேட்டன் தீவில் சாலைத்தடம் தேர்தற்பொருட்டு நிலச்சாய்வு, காடு, நீர், வரலாற்றுச் சிறப்பு முதலியவற்றைத் தனித்தனி ஒளிபுகு தாளில் தீட்டி அடுக்கினார். விலக்கத்தக்க இடம் கருத்தும், உகந்த இடம் வெளிறியும் தோன்றின. ஆயினும் சாய்வின் கருமையும் காட்டின் கருமையும் கலந்தபின் எது எதன் விளைவென அறிதல் அரிது. இரண்டிற்கும் ஒரே மதிப்பென்னும் கொள்கையும் அதனுள் மறைந்துள்ளது.

இன்றைய கணிப்பொறி மென்பொருளில் அடுக்கின் ஒளிபுகு அளவை விரும்பியவாறு மாற்றலாம். செறிவுப்படத்தில் புள்ளியின் பரவல் ஆரத்தைக் கூட்டினால் தனிப்புள்ளிகள் ஒரே திரளாகத் தோன்றும். தரவு மாறாதிருக்கவும் முடிபு மாறியதுபோற் காணும். ஆகலின் நிறப்படி, ஆரம், ஒளிபுகு அளவு ஆகிய மூன்றையும் படத்தின்கீழ்க் குறித்தல், சான்று காட்டலோடொத்த கடமை என்பதே எம் துணிபு.