கேமில் காசு கொடுத்து வாங்கியது யாருக்குச் சொந்தம்? சட்டம் சொல்வது என்ன?

பப்ஜியில் துப்பாக்கிக்கு 'ஸ்கின்' வாங்கியவர்கள் நம்மூரில் ஏராளம். பாக்கெட் மணியைச் சேர்த்து வாங்கியவர்களும் உண்டு, அப்பாவின் யுபிஐ-யில் பணம் கட்டியவர்களும் உண்டு. 2020 செப்டம்பர் 2-ம் தேதி பப்ஜி உட்பட 118 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. அக்டோபர் 30-ம் தேதியோடு இந்தியாவில் அந்த கேமின் சேவையும் நின்றது.

அதில் காசு போட்டு வாங்கியதெல்லாம் என்ன ஆனது? 2021-ல் பிஜிஎம்ஐ என்ற புதுப் பெயரில் கேம் வந்தபோது, பழைய கணக்கை அதற்கு மாற்றிக்கொள்ள கிராஃப்டான் நிறுவனம் அந்த ஆண்டு இறுதி வரை அவகாசம் கொடுத்தது. ஆனால், அது நிறுவனம் பார்த்துச் செய்து கொடுத்த வசதி. அப்படிச் செய்யாமல் விட்டிருந்தால், 'என் பொருளைக் கொடு' என்று உரிமையோடு கேட்டிருக்க முடியுமா?

'வாங்கு' என்று இருந்தாலும் வாங்கவில்லை!

கடையில் ஒரு சட்டை வாங்கினால் அது உங்களுடையது. போடலாம், விற்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம். ஆன்லைன் கேமில் வாங்கும் சட்டை அப்படியல்ல. அது நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் ஒரு தகவல். அதைப் பயன்படுத்த உங்களுக்குக் கிடைப்பது அனுமதி மட்டுமே. சட்ட மொழியில் இதற்கு 'லைசென்ஸ்' என்று பெயர்.

கணக்கு தொடங்கும்போது, படிக்காமலே 'சம்மதம்' என்று தட்டுகிறோமே, அந்த நீளமான விதிமுறையில் இதுதான் எழுதியிருக்கும். அனுமதியை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றும் பெரும்பாலும் சேர்த்தே எழுதியிருக்கும்.

இந்தக் குழப்பத்துக்காகவே அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே, வெறும் லைசென்ஸை விற்கும் நிறுவனம் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று விளம்பரம் செய்யக்கூடாது.

'நிலம்' விற்ற கேம்

இந்தச் சர்ச்சை பெரிதாக வெடித்த இடம் 'செகண்ட் லைஃப்'. சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003-ல் தொடங்கிய மெய்நிகர் உலகம் இது. இங்கே ஜெயிக்க வேண்டிய எதிரி யாரும் இல்லை. உங்கள் உருவமான 'அவதார்' மூலம் வீடு கட்டலாம், உடை தைத்து விற்கலாம், நிலம் வாங்கலாம். உள்ளே புழங்கும் 'லிண்டன் டாலரை' நிஜ டாலராகவும் மாற்றலாம்.

2003 நவம்பரில், பயனர்கள் உருவாக்கும் பொருட்களின் அறிவுசார் சொத்துரிமை அவர்களுக்கே என்று அந்த நிறுவனம் அறிவித்தது. அப்போது மற்ற கேம் கம்பெனிகள் செய்யத் தயங்கிய காரியம் இது. 2006-ல் 'ஆன்ஷே சங்' என்ற அவதாரை இயக்கிய பெண், இந்த மெய்நிகர் நில வியாபாரத்தில் தன் சொத்து மதிப்பு 10 லட்சம் டாலரைத் தாண்டியதாக அறிவித்தார்.

300 டாலர் நிலம்... கோர்ட்டில் வழக்கு

அதே 2006-ல் பென்சில்வேனியா வழக்கறிஞர் ஒருவர் செகண்ட் லைஃப் ஏலத்தில் 300 டாலருக்கு ஒரு நிலம் எடுத்தார். ஏல முறையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி வாங்கிவிட்டார் என்று சொல்லி, நிறுவனம் அவருடைய கணக்கை முடக்கியது. அந்த நிலம் மட்டுமல்ல, உள்ளே அவர் வைத்திருந்த மற்ற சொத்துகளும் பணமும் கைவிட்டுப் போயின.

அவர் வழக்கு போட்டார். 'எங்கள் விதிமுறைப்படி கோர்ட்டுக்கு வரக்கூடாது, சான் பிரான்சிஸ்கோவில் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும்' என்றது நிறுவனம். 2007 மே மாதம் ஃபெடரல் நீதிபதி எட்வார்டோ ராப்ரெனோ அதை ஏற்க மறுத்தார். ஒரு தரப்பு மட்டுமே எழுதி, பேரம் பேச வழியே இல்லாமல் மறு தரப்பின் மீது திணித்த அந்த நிபந்தனை நியாயமற்றது என்பது தீர்ப்பின் சாரம்.

ஆனால், 'மெய்நிகர் நிலம் சொத்தா, இல்லையா' என்ற முக்கியக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அவருடைய கணக்கு திரும்பக் கிடைத்தது.

பிறகு விதிமுறைகள் மாறின. மெய்நிகர் நிலம் என்பது லைசென்ஸ் மட்டுமே என்று தெளிவாக எழுதிவிட்டது நிறுவனம். 'சொந்தம் என்று சொல்லித்தானே விற்றீர்கள்?' என்று 2010-ல் பயனர்கள் சிலர் கூட்டாகத் தொடர்ந்த வழக்கும் சமரசத்தில்தான் முடிந்தது.

திருடினால் குற்றமா?

நிறுவனத்தோடு சண்டை என்றால் விதிமுறை குறுக்கே நிற்கிறது. சக பயனர் ஒருவர் பறித்துக்கொண்டால்?

2007-ல் நெதர்லாந்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனை இரண்டு பையன்கள் அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டினர். அவர்கள் கேட்டது செல்போனோ பணமோ அல்ல. 'ரூன்ஸ்கேப்' கேமில் அவன் வைத்திருந்த ஒரு தாயத்தும் முகமூடியும்! 'அது நிஜப் பொருளே இல்லை, இருந்தாலும் கேம் கம்பெனிக்குத்தான் சொந்தம்' என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 2012 ஜனவரி 31-ம் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. சிறுவன் நேரமும் உழைப்பும் போட்டுச் சேர்த்தது, அவன் கட்டுப்பாட்டில் இருந்தது, எனவே பறித்தது திருட்டுதான் என்றது. தண்டனை, 144 மணி நேரச் சமூக சேவை.

சீனாவில் 2003-லேயே இப்படியொரு வழக்கு. 'ரெட் மூன்' கேமில் இரண்டு ஆண்டுகள் ஆடி, 10,000 யுவானுக்கு மேல் செலவழித்தவரின் ஆயுதங்களை ஹேக்கர் திருடிவிட்டார். பாதுகாப்பில் கோட்டை விட்ட கேம் நிறுவனமே அவற்றைத் திரும்பத் தர வேண்டும் என்று பெய்ஜிங் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021-ல் அமலுக்கு வந்த சீன சிவில் சட்டத்தின் 127-வது பிரிவில் 'மெய்நிகர் சொத்து' என்ற சொல்லே இடம்பெற்றுவிட்டது.

நீங்களே உருவாக்கினால்?

கேமுக்குள் நீங்களே வரைந்த உடை, கட்டிய மாளிகை என்றால் காப்புரிமை, அதாவது 'காப்பிரைட்', உள்ளே வருகிறது. பொதுவாக, படைத்தவருக்கே உரிமை. ஆனால் இங்கேயும் விதிமுறை ஆட்டத்தையே மாற்றிவிடும்.

'டோட்டா' இதற்கு நல்ல உதாரணம். 'வார்கிராஃப்ட் 3' கேமோடு வந்த கருவிகளை வைத்து ரசிகர்களே உருவாக்கிய ஆட்டம் அது. பின்னாளில் அதன் அடுத்த பாகத்தை வெளியிட்டதோ போட்டி நிறுவனமான வால்வ். பெயர் யாருக்கு என்று வார்கிராஃப்டின் பிளிஸார்டும் வால்வும் மோதி, 2012-ல் சமரசம் ஆனார்கள். 2020-ல் வார்கிராஃப்ட் 3 புதுப்பித்து வந்தபோது பிளிஸார்டின் விதி கறாராக இருந்தது: பயனர்கள் உருவாக்கும் ஆட்டங்கள் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம்!

சக பயனர் காப்பியடித்தாலும் சிக்கல்தான். 2006-ல் 'காப்பிபாட்' என்ற புரோகிராம் செகண்ட் லைஃபில் யாருடைய பொருளையும் நகலெடுக்க, வியாபாரிகள் பலர் தங்கள் மெய்நிகர் கடைகளை அடைத்துப் போராடினர்.

நிஜ உலக பிராண்டின் பெயரை டிஜிட்டல் பொருளுக்கு வைத்தாலும் வழக்கு வரும். ஹெர்மெஸ் நிறுவனத்தின் பிரபல கைப்பை பெயரில் 'மெட்டாபிர்கின்' என்று டிஜிட்டல் பைகளை விற்ற கலைஞர், 1,33,000 டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் நியூயார்க் ஜூரி முடிவு செய்தது.

இந்தியாவில் நிலைமை என்ன?

மெய்நிகர் சொத்துக்கென்று இங்கே தனிச் சொத்துரிமைச் சட்டம் இல்லை. கிரிப்டோ, என்எஃப்டி போன்ற 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30% வருமான வரி உண்டு. ஆனால் வரி போடுவது வேறு, சொத்துரிமை கொடுப்பது வேறு.

கைகொடுக்கக்கூடிய சட்டங்கள் இரண்டு:

• காப்புரிமைச் சட்டம், 1957: படைத்தவரே முதல் உரிமையாளர். உரிமையை இன்னொருவருக்கு மாற்ற, கையெழுத்திட்ட எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும்.

• நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019: தகுந்த காரணம் இல்லாமல் ஒருதலைப்பட்சமாக ஒப்பந்தத்தை முறிக்க அனுமதிக்கும் நிபந்தனையை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்கிறது. இதை எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.

காசு போடும் முன் பார்க்க வேண்டியவை

• விதிமுறையில் 'கணக்கு முடக்கம்', 'பணம் திரும்பத் தருதல்' பகுதிகளையாவது படியுங்கள்.

• கேம் மூடப்பட்டால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

• பணம் கட்டிய ரசீது, ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

• நீங்கள் உருவாக்கும் டிசைனின் அசல் ஃபைலை, தேதியோடு உங்கள் கணினியில் தனியாக வையுங்கள். கணக்கு போனாலும் படைப்பு உங்களுடையது என்பதற்கு அதுதான் ஆதாரம்.