உடையார் மேடையேறிய வழி

இலக்கிய மன்ற ஆண்டு விழாக்களில் தொழில் நடிகர் அல்லாத ரசிகர்கள் சேர்ந்து ஒரு சிரிப்பு நாடகம் போடுவதுண்டு. சபை வயிறு குலுங்கச் சிரிக்கும். மறுநாள் பந்தலோடு எல்லாம் கலைந்துவிடும். அந்த மேடையில் ஊர்ப்பேச்சு எப்போது ஏறியது என்று அறிய, குமரி மாவட்டத்து இரணியலில் இருந்தபடி தேடத் தொடங்கினேன்.

பக்கத்திலேயே இருந்தவர் தேரூர்க் கவிமணி. அவருடைய ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ ‘தமிழன்’ இதழில் வெளிவந்தது. காரணவரின், அதாவது தாய்வழிக் குடும்பத் தலைவரின், ஐந்தாம் மனைவி தன் பாட்டைச் சொல்லிப் புலம்பப் புலம்ப நமக்குச் சிரிப்பு வருகிறது. நாஞ்சில் வழக்கும் பழமொழியும் அதில் நிறைய. ஆனால் அது செய்யுள், நடிக்க எழுதியதல்ல.

அடுத்து, ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன். அவர் நடித்த டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனி வாழ்க்கையை டி.கே.சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் விரிவாக எழுதியிருக்கிறார். அது நாடகத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களின் உலகம். நான் தேடியதோ பகலில் வேறு வேலை பார்த்து மாலையில் அரிதாரம் பூசியவர்களை.

அவர்களுக்குச் சென்னையில் ஒரு முகவரி இருந்தது. 1891 ஜூலை 1 அன்று தொடங்கிய சுகுண விலாச சபை அது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கூத்தாடிகள் என்ற ஏச்சுக்கு அஞ்சாமல் அங்கே வேடம் கட்டினார்கள். சபையின் உயிராக இருந்த பம்மல் சம்பந்த முதலியாரும் வக்கீல்தான், பின்னாளில் நீதிபதியானார். மண்டு ஜமீன்தாரும் அவரை மிஞ்சிய மண்டு வேலைக்காரனும் ஒரே பெயரோடு வரும் ‘சபாபதி’ அவர் எழுதியது. 1941இல் ஏ.வி.மெய்யப்பன் எடுத்த படத்தால் அது பலருக்கும் தெரியும். அவருடைய ‘நாடக மேடை நினைவுகள்’ எனக்கு வழிகாட்டும் பலகையானது. அதில் சபையின் இலங்கைப் பயணமும் வருகிறது.

1911இல் கொழும்பில் அந்த நாடகங்களைப் பார்த்த இளைஞர்களில் ஒருவர் க.சொர்ணலிங்கம். பம்மலை மனத்தால் குருவாக ஏற்று, 1913இல் நண்பர்களுடன் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையைத் தொடங்கினார். பின்னாளில் கலையரசு எனப் புகழ்பெற்ற அவருடைய ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ ஒரு ரசிகர் நடிகரான வரலாறுதான். படித்தவர் நடிக்கலாம் என்ற துணிவு கடல் தாண்டியதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

தேடல் வந்து நின்ற இடம் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தமிழ்ச் சங்கம். அதன் மாணவர்கள் நடிப்பதற்காகப் பேராசிரியர் க.கணபதிப்பிள்ளை நாடகங்கள் எழுதினார். ‘உடையார் மிடுக்கு’, ‘முருகன் திருகுதாளம்’, ‘கண்ணன் கூத்து’, ‘நாட்டவன் நகர வாழ்க்கை’ ஆகிய நான்கும் மேடையேறியபின் 1940இல் ‘நானாடகம்’ என்று நூலாயின. உடையார் என்று வெள்ளைக்காரன் கொடுத்த பதவியின் தோரணையும் கிராமத்தான் பட்டணத்தில் படும் பாடும் யாழ்ப்பாணப் பேச்சிலேயே அதில் ஒலிக்கின்றன. வீட்டிலும் தெருவிலும் பேசுகிறபடியே அரங்கிலும் பேச வேண்டும் என்று முன்னுரையில் நியாயமும் சொல்லிவிட்டார். கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து லண்டனில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். பழைய கல்லில் ஒவ்வோர் எழுத்தும் எப்படி ஒலித்திருக்கும் என்று பார்த்துப் பழகிய செவிக்கு, உயிரோடு உலவும் பேச்சு இழிவாகப் படாததில் வியப்பில்லை. 1952இல் ‘பொருளோ பொருள்’, ‘தவறான எண்ணம்’ இரண்டும் ‘இரு நாடகம்’ ஆயின.

மன்ற மேடையில் பேச்சுத்தமிழ் ஏறியதற்கு எனக்குக் கிடைத்த உறுதியான அச்சுச் சான்று ‘நானாடகம்’தான். இதற்கு முன்பும் பலர் நடித்திருக்கலாம். ஆனால் வரலாற்றில் நிற்பது எழுதி வைத்தவர்களின் சிரிப்பு மட்டுமே. சண்முகமும் பம்மலும் சொர்ணலிங்கமும் நினைவுகளை எழுதினார்கள், கணபதிப்பிள்ளை பிரதியை அச்சேற்றினார். அதனால்தான் இந்தச் சங்கிலியைக் கோக்க முடிந்தது.

குமரி மாவட்டத்து மன்றங்களும் வாசகசாலைகளும் பள்ளி ஆண்டு விழாக்களும் போட்ட நாடகங்களுக்கு இந்த வாய்ப்பு இன்னும் கைநழுவிவிடவில்லை. உங்கள் வீட்டு மச்சில் பழைய நாடக நோட்டீஸோ, வசனம் எழுதிய நோட்டுப் புத்தகமோ, வேடம் கட்டிய படமோ கிடந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஆண்டையும் நடித்தவர் பெயரையும் பின்பக்கம் எழுதி, அருகிலுள்ள நூலகத்தில் ஒப்படையுங்கள்.