மரக்கட்டையிலிருந்து அட்டவணை வரை

பழங்காலக் கப்பல்களில் வேகத்தை அளக்க, முடிச்சிட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சுகள் ஓடின என்பதே கப்பலின் வேகம். கட்டைக்கு ஆங்கிலத்தில் 'லாக்' என்று பெயர். வேகத்தையும் காற்றையும் எழுதிவைத்த ஏட்டுக்கும் அப்பெயரே வந்தது. இன்று கணிப்பொறி தன் செயல்களை நேரத்துடன் வரிவரியாக எழுதும் கோப்பும் 'லாக்'தான்.

இவ்வேட்டில் ஒரு சங்கடம் உண்டு. நிகழ்ந்த வரிசையில் அது எழுதப்படுகிறது. நம் கேள்விகளோ அவ்வரிசையில் வருவதில்லை. பாம்பனை எடுத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகள் ரயில் ஒன்றும் கடலுக்கு இரையாயிற்று. அக்கரையில் காற்றின் அளவு உயிர் காக்கும் செய்தி. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில், பிற்காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விடமாட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காற்றை அளந்து எழுதுவதாகக் கொள்ளுங்கள். ஆண்டுக்கு 52,560 வரிகள்! எந்த மாதத்தில் வரம்பு அதிகமுறை மீறப்பட்டது? விடை அவ்வரிகளில்தான் இருக்கிறது. ஆனால் சிதறிக் கிடக்கிறது.

சிதறியதைச் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்பதைக் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் காட்டினார். புயலில் சிக்கிய கப்பல்களின் லாக் ஏடுகளைத் திரட்டி, ஒரே நேரத்துக் குறிப்புகளை ஒப்பிட்டார். ஒரு கப்பலில் வடகாற்று, மற்றொன்றில் தென்காற்று. தனியே படித்தால் முரண்பாடு. சேர்த்துப் படித்தால் சுழல்! 1848இல் 'சைக்ளோன்' என்னும் பெயரைத் தம் நூலில் வழங்கினார்.

இவ்வேலையைக் கணிப்பொறிக்குக் கற்பித்த வரலாறும் சுவையானதே. தகவல்களை அட்டவணைகளாகக் கொள்ளும் கொள்கையை 1970இல் எட்கர் காட் வெளியிட்டார். அட்டவணையிடம் கேள்வி கேட்கும் மொழியை 1974இல் சேம்பர்லினும் பாய்ஸும் அறிமுகப்படுத்தினர். அதுவே எஸ்.க்யூ.எல். ஆயிற்று. 2000இல் ரிச்சர்டு ஹிப் சிறிய எஸ்.க்யூ.லைட்டை உருவாக்கினார்.

லாக் கோப்புகளைப் படிக்க உதவும் 'எல்நாவ்' என்ற மென்பொருளுக்குள் இந்த எஸ்.க்யூ.லைட் அமைந்துள்ளது. தனக்குத் தெரிந்த வகைக் கோப்பைத் திறந்ததும், நேரம், செய்தியின் தீவிரம் முதலியவற்றைத் தனித்தனிப் பத்திகளாக்கி அட்டவணை தருகிறது. அரைப்புள்ளி விசையை அழுத்திக் கேள்வியை எழுதலாம். காற்றளவு ஏடு போன்ற புதிய வகையானால், வரியில் எது நேரம், எது வேகம் என்று ஒருமுறை வரையறுத்தால் போதும். பின்னர், "58க்கு மேற்பட்ட வரிகளை மாதவாரியாக எண்ணு" என்று கேட்கலாம்.

வியப்பு என்னவெனில், கோப்பை வேறிடத்தில் அட்டவணையாக நகலெடுத்து வைக்க வேண்டியதில்லை. ஆடியில் தோன்றும் மாய பிம்பம்போல, கேட்கும்போது வரிகளே அட்டவணையாகத் தோன்றுகின்றன. மூல ஏடு மாறுவதில்லை.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். எழுதாமல் விட்ட வரியை எந்தக் கேள்வியாலும் மீட்க இயலாது. உங்கள் பள்ளியில் மழைமானி இருந்தால், நேரத்தோடு குறிக்க இன்றே தொடங்குங்கள். கேள்விகள் பின்னால் வரும்.