புது ஸ்பீக்கர்ல பாட்டு காதைக் குத்துதா? மாத்த வேண்டியது ஸ்பீக்கரையா, ஹாலையா?

சேர்த்து வைத்த காசில் புது ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கியாச்சு. கடையில் கேட்டபோது இனிமையாக இருந்த பாட்டு, வீட்டு ஹாலில் போட்டதும் கீச்சென்று கேட்கிறது. பாடகி ‘ச’, ‘ஸ’ என்று உச்சரிக்கும் இடமெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்கு. கொஞ்ச நேரத்தில் தலையே வலிக்க ஆரம்பிக்கிறது.

‘ஸ்பீக்கர் சரியில்ல, மாத்திடலாம்’ என்று கிளம்பும் முன் கொஞ்சம் பொறுங்க. பல வீடுகளில் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, அது இருக்கும் அறையில்தான். பைசா செலவில்லாமல் இதைச் சரிசெய்ய முடியுமா? பார்க்கலாம்.

ட்ரெபிள்னா என்ன? அது ஏன் குத்துது?

மனிதக் காது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். தவிலின் ‘தும்’ பேஸ் என்றால், ஜால்ரா, சலங்கையின் சத்தம் ட்ரெபிள். ஸ்பீக்கர் பெட்டியில் இருக்கும் சின்ன வட்டமான ட்வீட்டர்தான் இதைத் தருகிறது.

நம் காதுக்கு 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் ரொம்ப கூர்மையாகக் கேட்கும். காதின் துவாரமே ஒரு குழல் மாதிரி செயல்பட்டு, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைப் பெரிதாக்குகிறது. அதனால் அங்கே கொஞ்சம் கூடினாலும் உடனே உறுத்தும். ‘ச’, ‘ஸ’ உறுத்தல் பெரும்பாலும் அதற்கும் மேலே, 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும்.

ஹால் எப்படி காரணமாகும்?

டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், கண்ணாடி ஜன்னல், ஸ்டீல் பீரோ... நம்ம ஊர் ஹாலில் இருப்பதெல்லாம் ட்ரெபிளை உறிஞ்சாமல் திருப்பி அடிக்கும் பொருட்கள். ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியோடு, தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்து காதுக்கு வருகிறது. கார்ப்பெட்டும் சோபாவும் போட்ட ஷோரூமில் இந்தத் தொல்லை குறைவு.

ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்க. ‘ணங்’ என்று உலோகச் சத்தம் மாதிரி எதிரொலித்தால், அறைக்கு இதில் பங்கு இருக்கிறது.

செலவில்லாமல் என்ன செய்யலாம்?

1. திசையை மாத்துங்க: ட்ரெபிள் டார்ச் லைட் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். ட்வீட்டர் நேராக உங்கள் காதைப் பார்த்து இருந்தால், ஸ்பீக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் திருப்பி, ஒவ்வொரு முறையும் அதே பாட்டைக் கேளுங்க.

2. ஜமுக்காளம் விரிங்க: ஸ்பீக்கருக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே கனமான விரிப்பு போடுங்க. ஜன்னலுக்குத் தடிமனான திரை போடுங்க. பக்கச் சுவரில் எங்கே துணி தேவை என்பதற்கும் ஒரு வழி இருக்கு. நீங்கள் உங்கள் இடத்தில் உட்கார, இன்னொருவர் சுவரை ஒட்டி முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்தட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, அங்கேதான் ஒலி பட்டுத் திரும்புகிறது. அங்கே திரையோ புத்தக அலமாரியோ வைக்கலாம். அதற்காக அறை முழுக்கத் துணியால் மூடிவிட்டால் ட்ரெபிள் செத்து, பேஸ் மட்டும் முழங்கும்.

3. செட்டிங்கைப் பாருங்க: ஆம்ப்ளிஃபையரில் லவுட்னஸ் பட்டன் ஆனில் இருக்கா? அது பேஸோடு ட்ரெபிளையும் கூட்டலாம். மொபைலில் ஈக்வலைசர், டிவியில் பேச்சைத் தெளிவாக்கும் மோட் இருந்தால் முதலில் ஆஃப் செய்யுங்க. பிறகும் குத்தினால் ட்ரெபிளை 2 அல்லது 3 டெசிபல் குறைத்தால் போதும்.

4. பாட்டையும் சந்தேகப்படுங்க: ஒரு பாட்டு மட்டும் குத்தினால் அது ரெக்கார்டிங் கோளாறு. மியூசிக் ஆப்பில் டேட்டா மிச்சப்படுத்தும் மோட் ஆனில் இருந்தாலும் தரம் குறைந்து கரகரக்கும்.

வால்யூம் கூட்டினால் மட்டும் குத்துதா?

இது கவனிக்க வேண்டிய அறிகுறி. ஆம்ப்ளிஃபையர் தன் சக்திக்கு மீறி உழைக்கும்போது ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு, பாட்டில் இல்லாத கூர்மையான ஒலிகள் உருவாகின்றன. இதற்குப் பெயர் கிளிப்பிங். தொடர்ந்தால் ட்வீட்டரே எரிந்து போகலாம். உடனே வால்யூமைக் குறைப்பதுதான் வழி.

ஸ்டுடியோவிலேயே டிஷ்யூ பேப்பர்!

இந்தத் தொல்லை பெரிய ஆட்களையும் விட்டதில்லை. 1978ல் வந்த யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கர், உலகெங்கும் ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் இடம் பிடித்தது. ஆனால் ட்ரெபிள் அதிகம் என்று, சவுண்ட் இன்ஜினியர்கள் ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பரைத் தொங்கவிட்டு வேலை பார்த்தார்கள். பிறகு 1987ல் வந்த ஸ்டுடியோ மாடலில் ட்வீட்டர் மாற்றியமைக்கப்பட்டது. வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் பேப்பர் ட்வீட்டரின் மெல்லிய சவ்வைத் தொடக்கூடாது.

காதையும் கவனிங்க

வயதாக ஆக, முதலில் குறைவது ட்ரெபிளைக் கேட்கும் திறன்தான். தாத்தா தனக்குத் தெளிவாகக் கேட்கணும்னு ட்ரெபிளைக் கூட்டி வைப்பார், பேத்திக்கு அது காதைக் கிழிக்கும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் உங்களுக்கு மட்டும் திடீரென எல்லாச் சத்தமும் குத்தினாலோ, காதில் இரைச்சல் இருந்தாலோ, ஸ்பீக்கரை விட்டுவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே பாதுகாப்பான கேட்கும் அளவு என்கிறது உலக சுகாதார அமைப்பு. சத்தம் 3 டெசிபல் கூடினால், கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும்.

இத்தனையும் செய்து பார்த்த பிறகும் எல்லாப் பாட்டும், குறைந்த வால்யூமிலும் குத்தினால், அது ஸ்பீக்கரின் குணமாக இருக்கலாம். அப்போது மாற்றுவதில் தப்பில்லை. கடையில் திருப்பிக் கொடுக்கக் கெடு இருந்தால், அந்த நாட்களுக்குள் இந்தச் சோதனைகளை முடித்துவிடுங்க.