கதை கேட்கக் கூலி யாருக்கு?

ஆட்டையாம்பட்டிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் கை முறுக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். சினிமாக் கதை வாங்க யாரும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கதை எழுதி வைத்திருப்பவர்களுக்கு எங்கள் பக்கத்தில் என்றைக்குமே பஞ்சம் கிடையாது. தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து காகிதக் கட்டை நிரப்பிய ஓர் இளைஞர் சென்ற மாதம் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். பணம் கட்டினால் திரைக்கதையைப் படித்து, குறை நிறைகளை எழுதி, மார்க்கும் போட்டு அனுப்புகிற நிலையங்கள் இப்போது இருக்கின்றன அல்லவா? “கட்டலாமுங்களா ஐயா?” என்றார்.

கட்டலாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு நல்ல பகுதி நம் சேலத்திலேயே நடந்தது.

டி. ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தவர். அவர் 1930களின் நடுவில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை ஆரம்பித்தார். 1937-இல் ‘சதி அகல்யா’. மறு வருஷம் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’. 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அந்தக் காம்பவுண்டுக்குள்ளிருந்து வெளிவந்தன.

ஜவுளி படித்த மனிதர் கதையையும் துணியைப் போலத்தான் பார்த்திருப்பார் என்று எனக்கு ஓர் எண்ணம். எங்கள் ஊரில் நெய்த துணியைக் கொண்டுபோய்ப் போட்டால், வியாபாரி அதை வெளிச்சத்தில் விரித்து இழை இழையாகப் பார்ப்பார். அறுந்த இழை அவர் கண்ணுக்குத் தப்பாது. காரணம், அவர் காசு கொடுத்து வாங்கப் போகிறவர். இன்று அவர் கவனிக்காமல் விட்ட குறைக்காக, நாளைக்கு ஈரோட்டுச் சந்தையில் அதே துணியை அவர் முகத்தில் வீசுவார்கள்.

சுந்தரமும் கதைக்குக் காசு கொடுத்தவர். எழுத்தாளர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். கவி கா. மு. ஷெரீப் எடுத்துச் சொல்ல, மு. கருணாநிதி அங்கே எழுத வந்தார். 1950-இல் வெளியான ‘மந்திரி குமாரி’ குண்டலகேசிக் கதையை ஒட்டி அவர் எழுதிய நாடகம். அதே வருஷம் வந்த ‘பொன்முடி’க்கும், 1952-இல் வந்த ‘வளையாபதி’க்கும் பாரதிதாசன் எழுதினார். கண்ணதாசனும் அங்கே பணியாற்றியவர்தான். இவர்கள் எழுதியதைப் படித்து “இது உதவும், இது உதவாது” என்று முதலாளி சொன்னால், அந்த அபிப்பிராயத்துக்குக் கட்டணம் கட்டியவர் முதலாளியே. அபிப்பிராயம் தப்பாகப் போனால் நஷ்டமும் அவர் தலையில்தான் விடியும்.

சென்னையில் ஜெமினி ஸ்டூடியோவில் இதற்கென்றே ஒரு கதை இலாகா இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு, கே. ஜே. மகாதேவன், சங்கு சுப்ரமணியம், வேப்பத்தூர் கிட்டு என்று பெரிய கூட்டம். எஸ். எஸ். வாசன் தாமே கதை எழுதியவர். விகடனில் அவர் எழுதிய ‘சதி லீலாவதி’ 1936-இல் படமாயிற்று. இலாகாவினர் ஒரு கதை சொன்னார்கள். வாசன் கதையைத் தள்ளிவிட்டு, கதாநாயகியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். அந்தப் பெயர்தான் ‘சந்திரலேகா’. பெயருக்கு ஏற்ற கதையை இலாகா மாதக் கணக்கில் தேடியது. கடைசியில் கிட்டு, ரெய்னால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் ஒரு நூலிலிருந்து அடி எடுத்துக்கொடுத்தார். படம் 1948-இல் வந்து வட இந்தியாவையும் ஒரு கலக்குக் கலக்கியது.

இதைச் சொன்னவுடன் “ஆகா, அது பொற்காலம்” என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்குச் சம்மதமில்லை. சம்பளம் வாங்குகிறவன் கதையைப் பார்ப்பதை விட்டு முதலாளியின் முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பது உலக இயல்பு. கூட்டமாகக் கூடிப் பேசினால் துணிச்சலான யோசனைதான் முதலில் அடிபடும். பெயரும் போகும். 1947-இல் வந்த ஜூபிடரின் ‘ராஜகுமாரி’யில் கருணாநிதி வசனம் எழுதியும், எழுத்தாளர் என்ற பெயர் ஏ. எஸ். ஏ. சாமிக்குத்தான் போயிற்று, இவருக்கு உதவியாளர் ஸ்தானம். ஆக, அந்தக் காலத்து எழுத்தாளரும் ஒரு கட்டணம் கட்டத்தான் செய்தார். அது ரூபாயாக இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் படிப்பதற்கென்றே ஆட்களை வைத்திருந்தன. அவர்கள் கதைச் சுருக்கமும் தங்கள் அபிப்பிராயமும் எழுதி, ‘எடுக்கலாம்’, ‘யோசிக்கலாம்’, ‘வேண்டாம்’ என்று முடிவில் ஒன்றைக் குறிப்பார்கள். அது முதலாளியின் மேஜைக்குப் போகிற காகிதம். எழுதியவன் கண்ணில் படாது. ஸ்டூடியோ முறை குலைந்து எழுத்தாளர்கள் வெளியே தனித்து நிற்க ஆரம்பித்த பிறகு, அதே காகிதத்தை எழுத்தாளனுக்கே விற்கலாம் என்று சிலருக்குத் தோன்றியது. ஃபிராங்க்ளின் லெனார்ட் என்பவர் 2005-இல், படமாகாத நல்ல திரைக்கதைகள் எவை என்று சினிமா அலுவலர்களிடம் விசாரித்து ‘பிளாக் லிஸ்ட்’ என்ற பட்டியலைத் தயாரித்தார். அதற்கு எழுத்தாளர் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2012-இல் அதே பெயரில் ஓர் இணையச் சேவை வந்தது. ஒரு வாசிப்புக்கு 50 டாலர். பிற்பாடு 100 டாலர் ஆயிற்று. பத்துக்கு இத்தனை என்று மார்க் உண்டு. மார்க் உயர்ந்தால் சினிமாக்காரர்கள் கண்ணில் படலாம். சிலருக்குப் பட்டும் இருக்கிறது.

நம் ரூபாயில் அது எட்டாயிரத்துக்கு மேல். விசைத்தறியில் நிற்கிறவருக்குப் பல நாள் கூலி.

நான் சொன்ன இளைஞர் உள்ளூரில் அதைவிட மலிவாக ஒரு நிலையத்துக்கு ஏற்கெனவே ஒரு முறை கட்டியிருந்தார். வந்த இரண்டு பக்கத்தையும் கொண்டுவந்து காட்டினார். இடைவேளைக்குப் பிறகு தொய்வு, நாயகியின் நோக்கம் தெளிவில்லை, முடிவு சற்று அவசரம் என்று இருந்தது. ராமாயணத்தைத் தவிர எந்தக் கதைக்கும் பொருந்தக்கூடிய வாக்கியங்கள். ராமாயணத்துக்கும் ஒருவேளை பொருந்தலாம். இதற்குக் கூலி தண்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு வரியில் என் கண் நின்றது. ‘நாயகன் ஏன் இந்த வேலையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகவில்லை?’ என்று அந்த முகம் தெரியாதவர் கேட்டிருந்தார்.

இளைஞருக்குக் கோபம் வந்த வரியே அதுதான். கதாநாயகன் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கியவன். கடன் தீராமல் எப்படிப் போவான்? எங்கள் ஊரில் இதைக் குழந்தைக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே அவர் கதையில் எங்கும் சொல்லவில்லை. தஞ்சாவூரில் படம் பார்க்கிறவருக்கும் சென்னையில் பணம் போடுகிறவருக்கும் இது தெரிந்திருக்க நியாயம் ஏது? இரண்டு பக்கத்தில் காசு பெற்ற வரி அது ஒன்றுதான் என்று அவரிடம் சொன்னேன். படித்தவரின் திறமையால் கிடைத்த வரி என்று சொல்ல மாட்டேன். அவருக்கு நம் ஊர் தெரியாததால் கிடைத்தது. தெரியாதவர்களுக்கா உலகத்தில் பஞ்சம்? வெளிமாவட்டத்தில் பெண் கட்டிய மாமனோ மச்சானோ ஒரு கட்டு முறுக்குக்கு இந்த வேலையைச் செய்துவிடுவார்.

அவர் இன்னும் மூன்று நிலையங்களுக்கு அனுப்பி, மார்க்கை ஒப்பிட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். அதை மட்டும் நான் பலமாகத் தடுத்தேன். வாங்கப் போகாத மூன்று பேர் போடுகிற மார்க்கைக் கூட்டி வகுத்து ஆவது என்ன? தமிழ் சினிமாவில் இன்றைக்கும் பாதிக்கு மேல் வாயால் கதை சொல்லித்தான் காரியம் நடக்கிறது. இயக்குநர் முன்னாலோ நடிகர் முன்னாலோ உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சொல்ல வேண்டும். கேட்கிறவர் எந்த இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார் என்பதை எந்த அறிக்கையும் எழுதி அனுப்பாது.

மாதக் கணக்கில் கூட இருந்து திருத்துகிற முறை வேறு. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007-இல் திரைக்கதைப் பட்டறை ஒன்றை ஆரம்பித்தது. ‘தி லஞ்ச் பாக்ஸ்’ (2013) அந்தப் பட்டறையைக் கண்ட கதை. அங்கே ஆளைத் தேர்ந்தெடுத்து, அனுபவஸ்தர் ஒருவரோடு உட்கார வைத்து, அடித்து எழுதி மறுபடியும் படிக்கிறார்கள். அதற்கு இடம் கிடைப்பது கஷ்டம். கிடைத்தால் பஸ் செலவைப் பார்க்கக் கூடாது.

யாரிடம் கொடுப்பதானாலும், காசு வாங்குகிறவரோ வாங்காதவரோ, முதலில் கதையைப் பதிவு செய்துவிட வேண்டும். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் வருண் ராஜேந்திரன் என்பவர் ‘செங்கோல்’ என்ற கதையை 2007-இல் பதிவு செய்திருந்தார். 2018-இல் ‘சர்கார்’ வெளிவர இருந்தபோது, அது தம் கதை என்று முறையிட்டார். இயக்குநர் மறுத்தார். சங்கத்தார் இரண்டையும் படித்துப் பார்த்து, ஒற்றுமை இருக்கிறது என்றார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்ச் சமரசமாயிற்று. படத்தில் வருண் ராஜேந்திரனின் பெயரைச் சொல்வதற்குத் தயாரிப்பாளர் தரப்பு ஒப்புக்கொண்டது.