ரூனு தீவின் மர ஆலயம்

பழைமையான ஆலயம் என்றதும் கருங்கல்லும் சுண்ணாம்பும் நம் நினைவில் எழுகின்றன. மரம் உளுத்துப்போகும், தீக்கு இரையாகும்; ஆதலால் மரத்தால் அமைந்த எதையும் தற்காலிகமானதென்றே எண்ணிவிடுகிறோம். பால்டிக் கடலின் ரீகா வளைகுடாவில், எஸ்தோனிய நாட்டுக்குரிய ரூனு என்னும் சிறு தீவில் நிற்கும் லுத்தரன் ஆலயம் இவ்வெண்ணத்தைத் திருத்துகிறது. மகதலா மரியாவின் பெயர் தாங்கிய அவ்வாலயம் 1643-44ஆம் ஆண்டுகளில் மரத்தால் எழுப்பப்பட்டது. அந்நாட்டில் இன்று எஞ்சியுள்ள மரக் கட்டடங்களுள் இதுவே மிகப் பழையது என்கின்றனர்.

தீவின் பரப்பு ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர்தான். அங்கே பல நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள் சுவீடிய மொழி பேசிய எளிய மக்கள். உழுதார்கள், மீன் பிடித்தார்கள், பனிக்கடலில் கடல்நாய் வேட்டையாடினார்கள். அவர்களைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று 1341ஆம் ஆண்டினது. சுவீடியச் சட்டப்படி அங்கே குடியிருக்கவும் தம் உடைமைகளை ஆளவும் அவர்களுக்கு இசைவளித்து, கூர்லாந்து ஆயர் விடுத்த மடல் அது. லுத்தர் பிறப்பதற்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட மடல். எனவே அவ்வாயரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நமக்கும் உரிமை உண்டு. பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின் அம்மக்கள் லுத்தரன் சபையினராயினர். ஆயினும் அவர்கள் எழுப்பிய ஆலயம் ஒரு புனிதையின் பெயரையே தாங்கி நிற்பது நம் கவனத்திற்குரியது.

1621இல் தீவு சுவீடனின் ஆட்சிக்கு வந்தது. 1721இல் உருசியப் பேரரசுக்குக் கைமாறியது. 1919இல் எஸ்தோனியாவுடன் இணைந்தது. கொடிகள் மாறினவேயன்றி, ஆலயத்தில் ஒலித்த மொழி மாறவில்லை. 1755இல் ஆலயத்திற்குக் கோபுரம் ஒன்று சேர்க்கப்பட்டது.

1912இல் அதன் அருகிலேயே கல்லால் புதிய ஆலயம் எழுந்தது. புதியது எழுந்ததும் பழையதை இடித்துத் தரைமட்டமாக்குவதை நாம் எத்தனை பங்குகளில் கண்டிருக்கிறோம்! ரூனு மக்கள் அவ்வாறு செய்யவில்லை. கல்லாலயம் ஒருபுறம் நிற்க, தம் முன்னோர் வெட்டி அடுக்கிய மரங்களையும் அவர்கள் அப்படியே விட்டுவைத்தார்கள்.

பிறகு வந்தது 1944. போர்முனை நெருங்கியது, சோவியத் படைகள் மீண்டும் வரும் என்ற அச்சம் தீவைப் பற்றிக்கொண்டது. ஒரு பகுதியினர் முந்திய ஆண்டே சுவீடனுக்குச் சென்றிருந்தனர். எஞ்சியோரும் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் கப்பலேறினர். போருக்கு முன் அங்கே ஏறத்தாழ முந்நூறு பேர் வாழ்ந்தார்கள். பின்தங்கியவை இரண்டே குடும்பங்கள். அறுநூறு ஆண்டு வாழ்வு ஒரு கோடைக்காலத்தில் முடிந்துபோயிற்று. வீட்டையும் வயலையும் விட்டுச் செல்வது பெருந்துயர்தான். தாய் தந்தையரைப் புதைத்த மண்ணையும், திருமுழுக்குப் பெற்ற ஆலயத்தையும் விட்டுச் செல்வதை எவ்வாறு சொல்வது? ஆலயத்தைக் கப்பலில் ஏற்ற முடியாதே.

காலியான வீடுகளில் எஸ்தோனியர் குடியேறினர். சோவியத் ஆட்சியில் கூட்டு மீன்பிடிப் பண்ணை ஒன்று அவர்களுக்குப் பிழைப்பளித்தது. 1969இல் வீசிய கடும்புயல் காட்டின் பெரும்பகுதியைச் சாய்த்தபின் அவர்களிலும் பலர் வெளியேறினர். காடு சாய்ந்த அத்தீவில், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நின்ற மர ஆலயம் மட்டும் நிலைத்தது.

1991இல் எஸ்தோனியா மீண்டும் விடுதலை பெற்றது. பழைய குடிகளின் வழிவந்தோர்க்குத் தம் முன்னோர் நிலத்தின்மேல் உரிமை கோரும் வழியும் பிறந்தது. வேறொரு மொழியில் வேண்டும் இன்றைய தீவினரே ஆலயங்கள் இரண்டையும் காத்து வருகின்றனர். கோடையில் கடல் கடந்து வரும் சுவீடியப் பேரப்பிள்ளைகள், பாட்டனாரின் பெயரைத் தேடிக் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்கிறார்கள். பின்பு மர ஆலயத்தின் கதவருகே வந்து நிற்கிறார்கள்.