மருந்தும் மனிதரும்

1947 வரை, இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் சில மாதங்களில் மாண்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு, அமெரிக்காவில் அமினாப்டெரின் என்னும் மருந்தை உருவாக்கியது. செல்கள் பெருகத் தேவையான ஃபோலிக் அமிலத்தின் வேலையை அது தடுக்கும். பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதனை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேர் தேறியதாக 1948-இல் அறிவித்தார். ஆனால் நோய் திரும்பியது. ஏன் தெரியுமா? எஞ்சிய செல்கள் மீண்டும் பெருகின. எனவே, பல மருந்துகளைச் சேர்த்து 2, 3 ஆண்டுகள் கொடுக்கும் முறை பிறந்தது. பல குழந்தைகள் முழுக் குணமடைகின்றனர்.

முடிவுவரை கொடுப்பதுதான் கடினம். 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, சூலக்கரையிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர். கூலியிழந்து அலையும் பெற்றோருக்கு, பிள்ளை தேறியதும் சிகிச்சையை நிறுத்தத் தோன்றும். நிறுத்தலாகாது! மாணவர்களே, இந்நோய் தொற்றாது. முடி உதிர்ந்து வகுப்புக்குத் திரும்பும் தோழனின் பக்கத்தில் அமருங்கள். விடுபட்ட பாடத்தைச் சொல்லிக்கொடுங்கள்.